மூட்டு மாற்று அறுவைக்குப் பின் வலியும் அசதியும்: ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் செயற்கை மூட்டின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. எந்த உலோகம், எந்த வடிவம், யார் முதலில் பொருத்தினார் என்பவை விரிவாகப் பதிவாகியுள்ளன. அந்த மூட்டைச் சுமந்துகொண்டு வீடு திரும்பியவர் அடுத்த சில வாரங்களை எப்படிக் கடந்தார் என்ற கேள்வி அந்த வரலாற்றின் ஓரத்திலேயே நிற்கிறது. அறுவை முடிந்தவர்களிடம் கேட்டால் இரண்டு குறைகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, "ராத்திரியானா வலி தாங்க முடியல." மற்றொன்று, "எழுந்து நாலு எட்டு வைச்சாலே ஒரே அசதியா இருக்கு." முதல் குறைக்கு மருத்துவம் நெடுங்காலமாக விடை தேடிவருகிறது. இரண்டாவதை அது வெகுநாள் காதில் வாங்கவில்லை.

இக்கட்டுரை இவ்விரண்டின் வரலாற்றையும் ஒருசேர ஆராய்கிறது. வலித்தணிப்பு முறைகள் வளர வளர மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறைந்தன; அதனால் வலியின் பிற்பகுதியும் அசதியின் பெரும்பகுதியும் வீட்டுக்கு இடம் மாறின; அந்த மாற்றத்துக்கு ஈடான கவனிப்பு முறை இன்னும் பரவலாக உருவாகவில்லை என்பதே இதன் வாதம்.

ஓய்வே மருந்தாக இருந்த காலம்

19ஆம் நூற்றாண்டின் எலும்பு மருத்துவம் ஓய்வின்மேல் பெரும் நம்பிக்கை வைத்திருந்தது. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன், உடலுறுப்புகளுக்கு ஓய்வு தருவதே குணமாகும் வழி என்று ஆற்றிய சொற்பொழிவுகள் 1863இல் நூலாயின. லிவர்பூலின் ஹ்யூ ஓவன் தாமஸ், நோயுற்ற மூட்டை நீண்டகாலம் அசையாமல் வைத்திருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அவர் பெயரால் வழங்கும் தாமஸ் பட்டை அந்தக் கொள்கையிலிருந்து பிறந்தது. மூட்டுகளைக் காசநோய் அரித்துக்கொண்டிருந்த, அதற்கு மருந்தே இல்லாத காலத்தில் இந்த அறிவுரைக்குத் தக்க காரணம் இருந்தது.

காசநோயின் பிடி தளர்ந்த பிறகும் படுக்கை வைத்தியம் நீடித்தது. அதை வெளிப்படையாக எதிர்த்தவர்களில் முக்கியமானவர் ரிச்சர்ட் ஆஷர். 1947இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர் எழுதிய கட்டுரை, படுக்கையில் கிடப்பதால் நுரையீரல் முதல் மனம் வரை ஒவ்வொன்றும் எப்படிக் கெடுகிறது என்று வரிசைப்படுத்தியது. ரத்தம் உறைகிறது, தசை கரைகிறது, எலும்பு வலுவிழக்கிறது என்று அவர் அடுக்கிய ஆபத்துகளே பின்னாளில் மூட்டு மாற்று அறுவைக்குப் பிந்தைய கவனிப்பின் அடிப்படைக் கவலைகளாயின.

செயற்கை மூட்டும் ஊசிமருந்தும்

பெர்லினில் தெமிஸ்டோக்லஸ் குளுக் 1890இல் யானைத் தந்தத்தால் செய்த கீல் மூட்டை, காசநோயால் முழங்கால் கெட்டுப்போன 17 வயதுப் பெண்ணுக்குப் பொருத்தினார். தொடக்கத்தில் நல்ல பலன் தெரிந்தாலும், குளுக்கின் இத்தகைய முயற்சிகளைக் கிருமித்தொற்று தோற்கடித்தது. 1951இல் சுவீடனின் போர்யே வால்டியஸ் புதிய கீல் மூட்டை அறிமுகப்படுத்தினார். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லியின் இடுப்பு மூட்டுப் பணியைக் கண்ட கனடிய மருத்துவர் ஃப்ராங்க் கன்ஸ்டன், எலும்பு சிமென்ட்டைப் பயன்படுத்தி 1968இல் முழங்கால் மூட்டைப் பொருத்தினார். 1974இல் நியூயார்க்கின் ஹாஸ்பிடல் ஃபார் ஸ்பெஷல் சர்ஜரியில் ஜான் இன்சால், சித்தரஞ்சன் ரணாவத், பீட்டர் வாக்கர் ஆகியோர் உருவாக்கிய 'டோட்டல் காண்டைலர்' மூட்டு, இன்று பொருத்தப்படும் மூட்டுகளுக்கு மூதாதை. இந்தியாவில் பிறந்த இதே ரணாவத்தான் 2000இலும் 2001இலும் பிரதமர் வாஜ்பாயியின் இரு முழங்கால்களுக்கும் மும்பையில் அறுவை செய்தார். இந்த அறுவையை நாட்டில் பேச்சுப்பொருளாக்கியதில் அந்த நிகழ்வுக்குப் பங்குண்டு.

மூட்டு நவீனமான அதே 1970களில் வலித்தணிப்பு பழைய நிலையிலேயே இருந்தது. மார்ஃபின் அல்லது பெத்திடின் ஊசியைச் சில மணி நேர இடைவெளியில் தசையில் போடுவதே வழக்கம். வலி கூடியதும் நோயாளி செவிலியரைக் கூப்பிட வேண்டும். அவர் பூட்டிய அலமாரியைத் திறந்து, பதிவேட்டில் எழுதி, மருந்தை எடுத்து வருவதற்குள் வலி உச்சத்துக்குப் போயிருக்கும். ஊசி போட்டதும் தூக்கம் அமுக்கும்; விழித்தால் மறுபடி வலி. வலி, மயக்கம் என்று மாறிமாறிப் போகும் நாளில் காலை மடக்கி நீட்ட ஏற்ற வேளையே வாய்க்காது. போதிய அளவு மடங்காத முழங்காலை, மயக்க மருந்து கொடுத்து மருத்துவரே மடக்கிவிட வேண்டி வந்தது.

டொரான்டோவின் ராபர்ட் சால்டர் 1970 முதல், அசைவு மூட்டின் குருத்தெலும்புக்கு நன்மை செய்கிறது என்று விலங்காய்வுகளில் காட்டிவந்தார். அதிலிருந்து பிறந்த, காலைத் தானாக மடக்கி நீட்டும் இயந்திரம் 1980களில் மூட்டு மாற்று வார்டுகளுக்கு வந்தது. அந்த இயந்திரத்தால் வலியிலோ மடக்கத்திலோ சொல்லும்படியான கூடுதல் பலன் இல்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு பின்னாளில் முடிவு செய்தது. நோயாளி தானே தசையை இயக்க வேண்டும். அதற்கு அவர் விழிப்போடும் ஓரளவு வலியின்றியும் இருக்க வேண்டும் என்பதை நோக்கியே அடுத்த கட்ட ஆய்வுகள் சென்றன.

வலியைப் பல முனைகளில் எதிர்கொள்ளுதல்

1965இல் ரொனால்ட் மெல்ஸாக்கும் பாட்ரிக் வாலும் முன்வைத்த 'வாயில் கட்டுப்பாடு' கோட்பாடு, காயத்திலிருந்து வரும் செய்தி தண்டுவடத்திலேயே கூட்டப்படுகிறது அல்லது குறைக்கப்படுகிறது என்றும், மூளையிலிருந்து இறங்கும் கட்டளைகளுக்கும் அதில் பங்குண்டு என்றும் விளக்கியது. இதன்படி அச்சம், கவனம், எதிர்பார்ப்பு ஆகியவையும் வலியின் உடற்கூற்றைச் சேர்ந்தவையே. 1976இல் வந்த 'கார்டிஃப் பாலியேட்டர்' என்ற கருவி, பொத்தானை அழுத்தித் தானே மருந்தைச் செலுத்திக்கொள்ளும் உரிமையை நோயாளிக்குத் தந்தது. பூட்டிய அலமாரிக்கும் கட்டிலுக்கும் இடையிலான காத்திருப்பு குறைந்தது.

பெரிய திருப்பம் டென்மார்க்கிலிருந்து வந்தது. 1993இல் ஹென்ரிக் கெலட்டும் யோர்கன் டாலும் ஒரே மருந்தை அதிக அளவில் கொடுப்பதற்குப் பதிலாக, வெவ்வேறு இடங்களில் வேலை செய்யும் பல மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுக்கும் முறையை வலியுறுத்தினர். பாராசிட்டமால், அழற்சி நீக்கி, நரம்பை மரக்கச் செய்யும் ஊசி ஆகியவை முன்னணிக்கு வர, அபின்வகை மருந்துகள் துணைக்குப் போயின.

ஆனால் நரம்பை மரக்கச் செய்ததில் ஒரு சிக்கல் எழுந்தது. தொடை நரம்பில் போட்ட ஊசி வலியைப் போக்கியது. கூடவே முன்தொடைத் தசையையும் செயலிழக்கச் செய்தது. எழுந்து நின்றவர் கால் மடங்கி விழும் ஆபத்து வந்தது. இதற்கு இரண்டு விடைகள் கிடைத்தன. ஒன்று, சிட்னியின் டென்னிஸ் கெர், லாரன்ஸ் கோஹன் இருவரும் 2008இல் வெளியிட்ட முறை: ரோபிவகெய்ன், கீட்டோரோலாக், அட்ரினலின் கலவையை அறுவையின்போதே மூட்டைச் சுற்றியுள்ள திசுக்களில் செலுத்துவது. அவர்களுடைய நோயாளிகள் அறுவை நடந்த சில மணி நேரத்திலேயே எழுந்து நடந்தனர். பெரும்பாலோர் ஒரே இரவு தங்கி வீடு திரும்பினர். மற்றொன்று, 2010களில் பரவிய, தசையின் வலுவைப் பெரும்பாலும் காக்கும் அடக்டர் கால்வாய் ஊசி.

டென்மார்க்கின் 'விரைவுப் பாதை' முறை இவை அனைத்தையும் ஒழுங்கான திட்டமாகக் கோத்தது. 2000இல் சுமார் 10 முதல் 11 நாளாக இருந்த மருத்துவமனை வாசம் 2009இல் சுமார் 4 நாளாகக் குறைந்தது.

அசதியின் தனி வரலாறு

அசதியின் வரலாறு வேறோர் இடத்தில் தொடங்குகிறது. 1930களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவின் உயிர்வேதியியலாளர் டேவிட் கத்பர்ட்சன், கால் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரில் நைட்ரஜன் பெருமளவு வெளியேறுவதைக் கண்டார். காயம்பட்ட இடத்திலிருந்து மட்டுமல்ல, உடல் முழுவதிலுமிருந்து தசைப்புரதம் கரைந்து வெளியேறுகிறது என்று அவர் விளக்கினார். அறுவையும் ஒரு காயமே. அதற்கு உடல் முழுவதும் விலை கொடுக்கிறது என்ற உண்மையை அன்றே அவர் நிறுவிவிட்டார்.

அறுவைக்குப் பிந்தைய அசதியை நேரடியாக அளக்கும் முயற்சி அரை நூற்றாண்டு தாமதமாகவே வந்தது. 1980களில் கோபன்ஹேகனில் கிறிஸ்டென்சன் என்ற ஆய்வாளரும் கெலட்டும், சிக்கலின்றி முடிந்த வயிற்று அறுவைகளுக்குப் பின்னும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஒரு மாதம் கழிந்தும் அசதியோடு இருப்பதைக் கண்டனர். முழங்கால் அறுவைக்கு வந்தால் படம் இன்னும் தெளிவாகிறது. 2005இல் ரயன் மைஸ்னரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, அறுவையான ஒரு மாதத்தில் முன்தொடைத் தசை தன் வலுவில் 62% இழப்பதாகக் காட்டியது. தசை மெலிவதைவிட, அதை இயக்கும் நரம்புக் கட்டளை தடைபடுவதே இதற்குப் பெரிய காரணம். நாலு எட்டு வைத்ததும் களைத்துப் போகிறவர் சோம்பேறியல்லர்; பாதிக்கும் குறைவான வலுவுள்ள தசையைக் கொண்டு முழு உடலையும் தூக்கி நிறுத்துகிறார்.

தூக்கமும் கெடுகிறது. விரைவுப் பாதையில் அறுவை செய்துகொண்ட சிறு குழுவினரை 2012இல் ஆராய்ந்தபோது, முதல் இரவில் கனவுத் தூக்கம் ஏறக்குறைய முற்றிலும் மறைந்திருந்தது. நான்காம் இரவில் அது மீண்டது. ரத்த இழப்பால் வரும் சோகை மற்றொரு காரணம். ஜப்பானின் உதாகோ ஒகமோதோ தம் கணவருடன் 1960களில் கண்டறிந்த டிரானெக்ஸாமிக் அமிலம் 1990கள் முதல் மூட்டு மாற்று அறுவையில் இடம்பெற்று இந்த இழப்பைக் குறைத்திருக்கிறது. கத்பர்ட்சன் கண்ட புரத இழப்புக்கும் பதில் தேடப்பட்டது. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் டிரையர் குழு 2013இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், அறுவையை ஒட்டிய வாரங்களில் அமினோ அமிலம் எடுத்தவர்களின் தொடைத்தசை ஆறாம் வாரத்தில் சுமார் 6% சுருங்கியிருந்தது. எடுக்காதவர்களுக்கு அது சுமார் 18%. வலித்தணிப்புக்காகச் சேர்க்கப்பட்ட கபாபென்டின் வகை மாத்திரைகளோ தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் தந்து அசதியைக் கூட்டின; அவற்றால் வலியில் கிடைக்கும் பலன் மிகச் சிறிது என்று 2020இல் வெளிவந்த தொகுப்பாய்வு காட்டியது.

இத்தனை சான்றுகள் இருந்தும், பலனை அளக்கும் தாள்களில் அசதிக்கு இடமில்லை. 1989இல் வந்த 'நீ சொசைட்டி' (Knee Society) மதிப்பீடு முழங்காலுக்கான 100 புள்ளிகளில் 50ஐ வலிக்கு ஒதுக்கியது. செயல்பாட்டுக்கான தனி 100 புள்ளிகளை நடைக்கும் படியேற்றத்துக்கும் பிரித்தது. 1998இன் 'ஆக்ஸ்ஃபோர்டு நீ ஸ்கோர்' நோயாளியிடமே 12 கேள்விகள் கேட்கிறது: குளியல், கடைக்குப் போதல், மண்டியிடல், இரவு வலி என்று நீளும் அந்தப் பட்டியலில் அசதி பற்றி ஒரு கேள்வியும் இல்லை. கேட்காத கேள்விக்கு மருத்துவக் குறிப்பேட்டில் பதில் பதிவாவதில்லை.

வீட்டுக்கு இடம் மாறிய பொறுப்பு

முன்பு செவிலியர் செய்த கண்காணிப்பை இன்று மனைவியோ மகளோ மருமகளோ செய்கிறார். வலி உச்சத்துக்கு ஏறுமுன் மாத்திரை கொடுப்பது, உடற்பயிற்சிக்கு முன்பே மருந்து வேலை செய்யத் தொடங்கியிருக்கும்படி நேரத்தைக் கணிப்பது, குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து முழங்காலைக் கட்டிலோடு அழுத்தச் சொல்வது, பயிற்சி முடிந்ததும் காலை உயர்த்தி ஐஸ் வைப்பது, வாக்கரோடு கழிவறை வரை துணைக்குப் போவது என்று வார்டின் நாள் முழுவதும் வீட்டுக்குள் வந்துவிட்டது. இந்தியாவில் 2017 ஆகஸ்டில் மத்திய அரசு கோபால்ட் குரோமியம் மூட்டின் விலைக்கு 54,720 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. மூட்டின் விலை கட்டுக்குள் வந்தது. வீட்டில் தேவைப்படும் பிசியோதெரபியும் கவனிப்பும் அந்தக் கணக்கில் இல்லை.

வலி எல்லோருக்கும் தீர்ந்துவிடுவதும் இல்லை. 2012இல் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் செய்த தொகுப்பாய்வின்படி ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீண்டகால வலி தொடர்கிறது. வலியைப் பற்றிய பேரச்சம் உள்ளவர்களுக்கு அறுவையை ஒட்டி மனப்பயிற்சி தந்து பார்த்த அமெரிக்க ஆய்வு 2019இல் வெளியானது. வழக்கமான கவனிப்பைவிட அதில் கூடுதல் பலன் இல்லை. பலன் தெரிந்தது வேறோர் இடத்தில். பிரிட்டனில் நடந்து 2022இல் வெளியான 'ஸ்டார்' ஆய்வில், மூன்றாம் மாதத்திலும் வலியோடு இருப்பவர்களை அழைத்துக் காரணம் ஆராய்ந்து, தகுந்த சிகிச்சைக்கு அனுப்பி, தொலைபேசியில் தொடர்ந்து விசாரித்தனர். ஓராண்டு முடிவில் அவர்களின் வலி, மற்றவர்களோடு ஒப்பிடுகையில், குறைந்திருந்தது.

முடிவுரை

ஓய்வில் தொடங்கி, ஊசியைக் கடந்து, பன்முனை மருந்துக்கும் விரைவுப் பாதைக்கும் வந்து சேர்ந்த இந்த வரலாறு உண்மையான முன்னேற்றத்தின் வரலாறு. அறுவையன்றே எழுந்து நடப்பவர் அதன் சாட்சி. ஆனால் மருத்துவமனையின் கணக்கு வாசலோடு முடிகிறது. தசையின் கணக்கு மாதக்கணக்கில் நீள்கிறது. எனவே மூன்று மாற்றங்கள் தேவை. வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளில் அசதி எதிர்பார்க்க வேண்டிய ஒன்று என்று எழுதப்பட வேண்டும். அசதி நீடித்தால் ஹீமோகுளோபினையும் உணவில் புரதத்தையும் தூக்கத்தையும் எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளையும் மருத்துவர் சரிபார்க்க வேண்டும். மூன்றாம் மாதம் வலியையும் அசதியையும் கேட்டறியும் ஒரு தொலைபேசி அழைப்பு எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கமாக வேண்டும். அந்த அழைப்புக்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. அது வராவிட்டால், நோயாளியும் குடும்பத்தாரும் தயங்காமல் தாங்களே மருத்துவரை அழைத்துக் கேட்க வேண்டும்.