சாட்சி சொல்ல வந்த கண்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். இதில் கடைசி ஐட்டம் இப்போது செல்லாது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-ல் சாமி திரும்பி வந்துவிட்டார். காலியான அந்த இடத்தில் நான் வேறொன்றைச் சேர்ப்பேன்... சாட்சி இல்லாத சாலை!

வேலூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இது உங்கள் ஊருக்கு மட்டுமேயான பெருமை இல்லை.

ஒரு கற்பனை. வேலூரில் இருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் கணியம்பாடி வருகிறது. அங்கிருந்து மேற்கே திரும்பினால் ஜவ்வாது மலை அடிவாரத்தில் அமிர்தி. ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு காரில் போகிறீர்கள். திடீரென்று வயல் பக்கத்தில் இருந்து ஒரு மோட்டார் பைக், திரும்பிக்கூடப் பார்க்காமல் சாலையில் ஏறுகிறது. பிரேக் அடிக்கிறீர்கள். லேசாக இடித்துவிடுகிறது. பைக்காரர் விழுகிறார். இரண்டே நிமிடத்தில் முப்பது பேர் கூடிவிடுவார்கள். மோதியதை அதில் ஒருவர்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனால், முப்பது பேரும் ஒரே தீர்ப்புச் சொல்வார்கள்... 'கார்க்காரன் மேலதாங்க தப்பு!'

இப்போது காட்சியைத் திருப்பிப் போடுங்கள். பைக்கில் வந்தவர் நீங்கள். இடித்த கார் நிற்காமல் பறந்துவிட்டது. நீங்கள் சாலையோரம் கிடக்கிறீர்கள். பின்னால் வந்த நாலைந்து வண்டிக்காரர்கள் நடந்ததைப் பார்த்தார்கள்தான். ஆனால் ஸ்டேஷன், கோர்ட் என்று யார் அலைவது?

இந்த இரண்டு காட்சிக்கும் நடுவில் முளைத்ததுதான், இன்று கார் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'டேஷ் கேம்' என்கிற குட்டிக் கேமரா. சாலை விபத்துக்கு ஒரு சாட்சி கிடைக்காதா என்று மனிதன் தேடிய கதை அந்தக் கேமராவைவிட ரொம்பப் பழசு.

தமிழனுக்குத் தெரிந்த முதல் சாலை விபத்து வழக்கு எது? திருவாரூர் கேஸ்தான்! இளவரசன் தேரில் போகிறான். கன்றுக்குட்டி குறுக்கே ஓடிவந்து சக்கரத்தில் சிக்கிச் சாகிறது. தாய்ப்பசு நேராக அரண்மனைக்குப் போய் ஆராய்ச்சி மணியை இழுக்கிறது. நடந்ததை மறைக்காமல் சொல்ல ஓர் அமைச்சரும், கேட்டதும் மகனையே தண்டிக்கத் துணிந்த மனுநீதிச் சோழனும் அங்கே இருந்தார்கள். எல்லா வழக்குக்கும் அப்படி அமையுமா?

லண்டனில் அமையவில்லை. 1896, ஆகஸ்ட் 17. கிரிஸ்டல் பேலஸ் பகுதியில் ஒரு கம்பெனி, 'வாங்க வாங்க, ஏறிப் பாருங்க' என்று மோட்டார் காரை வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தது. மகளோடு நடந்துவந்த பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற 44 வயதுப் பெண்மணி அந்தக் காரில் அடிபட்டு இறந்துபோனார். பிரிட்டனில் காரில் அடிபட்டு இறந்த முதல் பாதசாரி அவர்தான்.

விசாரணை நடந்தது. மணிக்கு நாலு மைல் வேகத்தில்தான் போனேன் என்றார் டிரைவர். அதாவது, நாம் வேகமாக நடக்கும் வேகம். பார்த்த ஒருவரோ, தீயணைப்பு வண்டி மாதிரி பறந்து வந்தது என்றார்! வேகம் கூடுவதற்காக டிரைவர் வண்டியில் ஏதோ கைவேலை செய்திருந்தார் என்றார் அந்தக் காரில் பயணம் செய்த பெண். ஜூரிகள் ஆறு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் 'இது விபத்து' என்று சொல்லி எழுந்துவிட்டார்கள். வண்டி உண்மையில் என்ன வேகத்தில் போனது? நூற்று முப்பது வருஷமாகியும் யாருக்கும் தெரியாது. சாட்சிகள் இருந்தார்கள். ஆளுக்கொரு விபத்தைப் பார்த்திருந்தார்கள்!

மனிதக் கண்ணை நம்பிப் பிரயோஜனமில்லை என்று முதலில் முடிவெடுத்தது போலீஸ். அமெரிக்காவில் 1980-களில், குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைப் பிடிக்க போலீஸ் கார்களில் வீடியோ கேமரா வைக்க ஆரம்பித்தார்கள். 'நான் எங்கே சார் தள்ளாடினேன்?' என்று கோர்ட்டில் கேட்டால், போட்டுக் காட்டிவிடலாம் அல்லவா!

1991, ஜனவரி 23. டெக்சாஸ் மாநிலத்தில் டேரல் லன்ஸ்ஃபோர்ட் என்ற காவலர் ஒரு காரை நிறுத்தினார். தன் காரில் இருந்த கேமராவை ஓடவிட்டுவிட்டு இறங்கிப் போனார். அந்தக் காரில் வந்த மூன்று பேர் அவரைத் தாக்கிக் கொன்றார்கள். ஆள் நடமாட்டமில்லாத ராத்திரிச் சாலை. எல்லாவற்றையும் பார்த்த ஒரே சாட்சி அந்தக் கேமராதான். மூன்று பேருக்கும் தண்டனை வாங்கிக் கொடுத்ததில் அந்த டேப்புக்குப் பெரிய பங்கு. சம்பவம் நடந்த பிறகு கேமராவைத் தேடி ஆன் பண்ண முடியாது, முன்பே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். டேஷ் கேமின் மொத்தத் தத்துவமும் இதுதான்.

போலீஸ் காரில் இருந்த கேமராவைப் பொதுஜனத்தின் காருக்குக் கொண்டுவந்து சேர்த்ததில் ரஷ்யாவுக்குத் தனி இடம் உண்டு. அங்கே ஒரு தொழிலே நடந்தது. மெதுவாக வரும் கார் முன்னால் வேண்டுமென்றே போய் விழுவது, பிறகு 'எடு பணத்தை' என்று மிரட்டுவது! போலீஸ் மீதும் கோர்ட் மீதும் ஜனங்களுக்கு நம்பிக்கை இல்லை. ஆளாளுக்குக் கேமரா மாட்டிக்கொண்டார்கள்.

அதில் ஒரு நாள் விழுந்தது மனிதன் இல்லை, விண்கல்! 2013, பிப்ரவரி 15 காலை, செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே சுமார் 20 மீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று எரிந்து வெடித்தது. ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கி, சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள். ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களின் கார் கேமராக்கள் அதைப் பல கோணங்களில் பிடித்துவைத்திருந்தன. அந்த வீடியோக்களை வைத்தே, அந்தக் கல் விண்வெளியில் எந்தப் பாதையில் சுற்றி வந்தது என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

நம் ஜவ்வாது மலையிலும் வானத்தைப் பார்க்கும் கண் ஒன்று இருக்கிறது, காவலூர் வானியல் ஆய்வு மையம். 1988-ல் அங்கிருந்து ராஜமோகன் என்ற விஞ்ஞானி ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயர். மலை உச்சியில் பெரிய தொலைநோக்கி வைத்து ராத்திரி முழுக்கக் கண்விழித்துச் செய்கிற வேலையில் ஒரு துளியை, கார் கண்ணாடியில் ஒட்டிய பொட்டுக் கேமராக்கள் செய்துவிட்டன!

சரி, கேமரா பார்த்துவிட்டது. அதன் பேச்சைக் கோர்ட் கேட்குமா?

ஜெர்மனியில் இது பெரிய வழக்கானது. ரோட்டில் போகிற எல்லோரையும் நாள் பூராவும் படம் பிடிப்பது அங்கே தனிமனித உரிமைச் சட்டத்துக்கு விரோதம். ஆனாலும், விபத்து வழக்கில் அந்தப் பதிவைச் சாட்சியமாகப் பார்க்கலாம் என்று 2018 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. 'நீ எடுத்தது தப்பு. எடுத்துவிட்டாய், காட்டு பார்க்கலாம்' என்கிற மாதிரி!

நம் ஊரில்? இதற்கான பதிலை, கணியம்பாடி வழியாகப் போகும் இதே ரோட்டில் திருவண்ணாமலையைத் தாண்டி விழுப்புரம் பக்கம் போனால் தெரிந்துகொள்ளலாம். திருவெண்ணெய்நல்லூர்! சுந்தரரின் கல்யாணத்தில் ஒரு கிழவர் வந்து, 'நீ என் அடிமை' என்று ஓலையை நீட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப்போடுகிறார். கிழவர் அசரவில்லை. 'நீ கிழித்தது நகல்தான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது' என்கிறார். திருவெண்ணெய்நல்லூர் சபை அந்த மூல ஓலையை வாங்கி, சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னது. வந்தவர் சிவபெருமான் என்பது அப்புறம் தெரிந்த சங்கதி. கடவுளே வந்தாலும் கோர்ட் ஒரிஜினலைத்தான் கேட்கும்!

இன்றைய சட்டமும் ஏறக்குறைய அதுதான். 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில், கம்ப்யூட்டர் பதிவுகளுக்காக 2000-ல் 65பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நகலைக் கொடுத்தால் கூடவே ஒரு சான்றிதழ் வேண்டும். பதிவான ஒரிஜினல் கருவியையே, அதன் சொந்தக்காரர் கூண்டில் ஏறி ஒப்படைத்தால் சான்றிதழ் வேண்டாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2024 ஜூலை 1 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் இருக்கிறது. அதன் 63-வது பிரிவின்படி, சான்றிதழில் அந்த ஃபைலின் 'ஹேஷ்' எண்ணையும் குறிப்பிட வேண்டும். ஃபைலில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும். பாட்டனார் கையெழுத்துக்கு இந்தக் காலத்து வாரிசு!

இத்தனை கதையையும் மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். விலை சில ஆயிரம் ரூபாயில் ஆரம்பிக்கிறது. கடைக்காரர் '4கே சார், சூப்பர் கிளாரிட்டி' என்பார். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். ராத்திரியில், ஓடுகிற வண்டியின் நம்பர் பிளேட் படிக்க முடிகிறதா? அந்த மாடலில் எடுத்த ராத்திரி வீடியோவைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நம்பர் தெரியாத சாட்சி, பாதி சாட்சி.

அடுத்து, வெயில். சித்திரை மாதத்து வேலூரில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டிவிடும். லித்தியம் பேட்டரி உள்ள கேமரா அந்தச் சூட்டில் உப்பிப்போகலாம். 'கெப்பாசிட்டர்' வைத்த மாடலாகக் கேட்டு வாங்குங்கள். மெமரி கார்டும் சாதாரண போன் கார்டு வேண்டாம். திரும்பத் திரும்ப எழுதுவதைத் தாங்கும் 'ஹை எண்டியூரன்ஸ்' கார்டு வேண்டும்.

லண்டன் ஜூரிகளின் தலைவலி உங்களுக்கு வரக் கூடாதென்றால் ஜி.பி.எஸ். உள்ளதாகப் பாருங்கள். வேகமும் இடமும் படத்திலேயே பதிவாகும். தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 2015-ம் வருஷத் தேதி காட்டும் வீடியோவைக் கோர்ட்டில் நீட்டினால், எதிர்க்கட்சி வக்கீலுக்குத் தீபாவளி!

பொருத்துகிற இடம், உள்கண்ணாடிக்குப் பின்னால், இடது பக்கம். டிரைவரின் பார்வையை மறைக்கக் கூடாது. ஒயரைக் கூரையின் துணி ஓரமாகச் செருகி, பக்கத்துத் தூண் வழியாக இறக்க வேண்டும். அந்தத் தூணுக்குள் ஏர் பேக் இருந்தால், ஒயர் அதன் குறுக்கே வராமல் பின்பக்கமாகப் போக வேண்டும். இதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள். கம்பெனி ஒயரை வெட்டி ஒட்டுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், வாரன்ட்டி தகராறு வரும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டே போதும். நிறுத்தியிருக்கும்போதும் ஓட வேண்டுமென்றால், பேட்டரி இறங்கும்போது தானாக அணைந்துகொள்ளும் கிட் போடுங்கள். இல்லாவிட்டால் காலையில் வண்டியைத் தள்ள வேண்டியிருக்கும். மைக் இருந்தால், கூட வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். அல்லது அணைத்துவிடுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. இந்தச் சாட்சிக்கு மறதி உண்டு! சாதாரண ஹெச்.டி. பதிவு நிமிடத்துக்கு சுமார் 100 எம்.பி. பிடிக்கும். 64 ஜி.பி. கார்டில் பத்து மணி நேரம். அதன்பின் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதும். மோதிய அதிர்ச்சியில் கேமராவே அந்த ஃபைலைப் பூட்டிக்கொள்ளும். ஆனால், நீங்கள் மோதாமல் வெறுமனே பார்த்த விபத்துக்கு அது பூட்டாது. நீங்கள்தான் பட்டனை அழுத்த வேண்டும், அல்லது கார்டை உருவி பத்திரப்படுத்த வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினேனே என்று கார்டை மறுபடி மாட்டிவிடாதீர்கள். அது நகல் ஓலை!

நான் பி.காம். படித்தவன். டேஷ் கேமைப் பார்த்தால் எனக்கு லெட்ஜர்தான் ஞாபகம் வருகிறது. வரவை மட்டும் எழுதி, பற்றை மறைத்தால் அது கணக்கு இல்லை. எதிராளி செய்த தப்பைப் பதிவு செய்யும் அதே கேமரா, நீங்கள் எண்பதில் போனதையும் சிக்னல் தாண்டியதையும் சேர்த்துத்தான் எழுதுகிறது. அதற்குச் சம்மதம் என்றால் மாட்டுங்கள்.

கணக்கு என்று வந்துவிட்டதால் இன்னொன்றும் பார்த்துவிடலாம். 2022-ல் இந்தியாவில் இடித்துவிட்டு நிற்காமல் போன விபத்துகள் 67,387. இறந்தவர்கள் 30,486 பேர். இடித்த வண்டி எதுவென்று தெரியாவிட்டால், இறந்தவர் குடும்பத்துக்குக் கிடைப்பது 2 லட்ச ரூபாய். 2022 மார்ச் வரை அது வெறும் 25,000! வண்டி எதுவென்று தெரிந்தால், அவருடைய வயது, வருமானம், அவரை நம்பி இருந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்து தீர்ப்பாயம் நஷ்டஈடு கணக்கிடும். சம்பாதிக்கும் வயதில் இருந்தவர் என்றால் அது பல மடங்காகும். நடுவில் இருக்கும் வித்தியாசம், ஒரு நம்பர் பிளேட்.

அந்த நம்பர், பின்னால் வந்த உங்கள் காரில் பதிவாகி இருக்கலாம். அடிபட்டவருக்கு உதவுகிறவரை இம்சிக்கக் கூடாது, பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளை 2016-லேயே உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இந்தப் பாதுகாப்பு ஏறிவிட்டது. ஸ்டேஷனுக்குப் போகப் பழைய பயம் வேண்டாம்.

பௌர்ணமி ராத்திரி. கிரிவலத்துக்குப் போகும் வண்டிகள் கணியம்பாடி வழியாக வரிசையாகப் போகின்றன. எங்கோ ஒரு பைக் விழுந்து கிடக்கிறது. இடித்த வண்டி போய்விட்டது. நீங்கள் நின்று, 108-க்கு போன் செய்து, ஆளை ஏற்றி அனுப்பிவிட்டீர்கள். ரொம்ப நல்லது. கிளம்பும் முன் அந்த மெமரி கார்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கன்றைப் பறிகொடுத்த பசுவுக்கு இழுப்பதற்கு ஒரு மணி இருந்தது. இந்தக் குடும்பத்துக்கு அந்த மணியின் கயிறு, இப்போது உங்கள் பையில்!