கொடவர் துப்பாக்கியும் சமத்துவக் கூறும்

குடகில் ஆண்குழந்தை பிறந்தால் வானை நோக்கி ஒரு வேட்டு. வீட்டில் சாவு நேர்ந்தால் இரண்டு. புத்தரி அறுவடைத் திருநாளிலும் வெடியோசை உண்டு. கைல்போத் பண்டிகையிலோ ஆயுதத்திற்கே பூசை. இந்தத் துப்பாக்கிகளை உரிமம் இன்றி வைத்துக்கொள்ளலாம் என்பது ஏனைய இந்தியருக்கு இல்லாத சலுகை. இது அரசமைப்பின் 14ஆம் கூறு உறுதியளிக்கும் சமத்துவத்திற்கு முரண் எனக் கூறி ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவர் தொடுத்த வழக்கைப் பெங்களூரில் கர்நாடக உயர்நீதிமன்றம் 2021 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது.

சலுகையின் வேர் 1861இல் உள்ளது. 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர் மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்க முற்பட்டனர். அப்போது மைசூர், குடகு ஆகிய பகுதிகளின் ஆணையராக இருந்த மார்க் கப்பன், கொடவரின் விசுவாசத்தையும் வீரத்தையும் பாராட்டி, அச்சட்டத்திலிருந்து அவர்களுக்கு விலக்களித்தார். (அதே கப்பனின் சிலை நெடுங்காலம் இந்த உயர்நீதிமன்ற வளாகத்தில்தான் நின்றது, அண்மையில்தான் கப்பன் பூங்காவிற்குள் இடம்பெயர்ந்தது.) விசுவாசம் என்பது வெறும் அலங்காரச் சொல் அன்று. 1834இல் குடகு அரசர் சிக்கவீரராஜேந்திரர் பதவி நீக்கப்பட்டார். 1837இல் சுள்ளியப் பகுதியில் அரெபாஷெ கௌடர் பெருமளவில் பங்கேற்ற கிளர்ச்சி எழுந்தபோது, அதை ஒடுக்கத் துணைநின்ற குடகருக்குக் கும்பினி பதக்கங்கள் வழங்கிற்று. ஆக, அண்டை வீட்டார்க்கு எதிராக ஆற்றிய சேவையும் இந்தத் துப்பாக்கிக்குள் அடங்கியிருக்கிறது.

விடுதலை இயக்கமோ ஆயுதப் பறிப்பைத் தேசிய அவமானமாகக் கருதியது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை அகிம்சாவாதியான காந்தியடிகளே கடுமையாகச் சாடினார். 1931 கராச்சி காங்கிரசுத் தீர்மானம், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக எண்ணிற்று. ஆயினும் 1948 டிசம்பரில் எச்.வி. காமத் அரசியல் நிர்ணய சபையில் அதே உரிமையைத் திருத்தமாக முன்மொழிந்தபோது அம்பேத்கர் எதிர்த்தார், திருத்தம் தோற்றது. அமெரிக்காவின் 1791ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு நேர்மாறாக, இந்திய அரசமைப்பின் 19ஆம் கூறு ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையே தருகிறது. ஆயுதத்திற்கு அரசமைப்பிலேயே இடம் பெற்றவர்கள் சீக்கியர் மட்டுமே. அதுவும் 25ஆம் கூறின் விளக்கத்தில், கிர்பான் குறித்து.

எனவே கொடவர் பெற்றிருப்பது உரிமை அன்று. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 41ஆம் பிரிவின் கீழ், பொதுநலன் கருதி மத்திய அரசு அளிக்கும் விலக்கு. 1963 அறிவிக்கை பழைய சலுகையைப் புதுச் சட்டத்திற்குள் கொண்டுவந்தது. இதன் பயனாளிகள் இருவகையினர்: கொடவ இனத்தார், ஜம்மா நிலம் உடையோர். ஜம்மா என்பது போர்ச்சேவைக்கு ஈடாகக் குறைந்த வரியில் வழிவழியாக வந்த நிலவுரிமை. அதை உடையோருள் கௌடர் போன்ற பிற சமூகத்தாரும் உண்டு என்பது 1837ஐ நினைத்தால் வியப்பூட்டும் திருப்பம்.

கொடவர் போர்க்குடியினர், விடுதலைக்கு முன்பிருந்தே இதை அனுபவித்து வருவோர், விலக்கு காலவரையறையும் நிபந்தனைகளும் உடையது என்பன நீதிமன்றம் ஏற்ற காரணங்கள். கடைசிக் காரணத்தில் வலு உண்டு. முதலிரண்டு அத்தகையன அல்ல. சமத்துவச் சோதனையில் ஒரு பாகுபாடு, சட்டத்தின் நோக்கத்தோடு பொருந்த வேண்டும். துப்பாக்கி யார் கையில் ஆபத்தின்றி இருக்கும் என்பதே ஆயுதச் சட்டத்தின் கவலை. ஆள்பவருக்கு முன்னோர் உதவினர் என்பது அக்கேள்விக்கு விடையாகாது. ‘போர்க்குடி’ என்னும் வகைப்பாடே படைக்கு ஆள் திரட்டக் காலனிய ஆட்சி வளர்த்தெடுத்தது. குடகின் பண்பாட்டுப் பயன்பாட்டை நீதிமன்றம் முதன்மைக் காரணமாக்கியிருந்தால் தீர்ப்பு இன்னும் உறுதியாக நின்றிருக்கும்.

2019 அக்டோபர் அறிவிக்கையின்படி தற்போதைய விலக்கு 2029 அக்டோபர் 31 வரை செல்லும். அதன்பின் நீட்டிப்பதா என்பதை மத்திய அரசு மீண்டும் தீர்மானிக்க வேண்டும். அப்போது எழுதப்படும் காரணம் 1861இன் சொற்களிலேயே அமையுமா என்பது இன்னும் திறந்த கேள்வி.