சுவரைத் துடைக்குமுன் சித்தன்னவாசலைக் கேளுங்கள்

பொங்கலுக்கு வீட்டைத் துப்புரவு செய்யும்போது கதவையும் சுவரையும் எதைக்கொண்டு துடைக்கிறீர்கள்? சோப்புத் தண்ணீர், சலவைச் சோடா, தரை கழுவும் ஆசிட், மண்ணெண்ணெய் - கைக்கு எது அகப்படுகிறதோ அதுதானே! அழுக்கோடு வண்ணமும் துணியில் ஏறிவிட்டால், பெயிண்ட் மட்டம் என்று கடைக்காரரை நொந்துகொள்வோம். மறுபடியும் ஒரு பூச்சு அடித்தால் தீர்ந்தது. ஆனால், மறுபடியும் அடிக்க முடியாத சுவர் ஒன்று புதுக்கோட்டைக்கு வடமேற்கே சுமார் 16 கிலோமீட்டரில் இருக்கிறது.

சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் கூரையில் தீட்டப்பெற்ற தாமரைக் குளத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். இச்சமணக் குகைக் கோயிலை 9-ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்தார் என்பது அங்குள்ள கல்வெட்டுச் செய்தி. ஓராயிரம் ஆண்டு அழுக்கு அதன்மேல் படிந்தது. அதைத் துடைப்பது எப்படி?

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் தொடங்கிய வேதியியல் ஆய்வகத்தின் டாக்டர் எஸ். பரமசிவன், வண்ணம் சுவரில் எப்படி ஒட்டியிருக்கிறது என்பதை ஆராய்ந்தார். பாறைமேல் சுண்ணாம்பும் மணலும் கலந்த மெல்லிய பூச்சு, அதன்மேல் நயமான சுண்ணாம்புப் படலம், அதன்மேல் வண்ணம். காவிக்கல்லில் சிவப்பும் மஞ்சளும், கரியில் கறுப்பு, சுண்ணாம்பில் வெள்ளை, அல்ட்ரமரீனில் நீலம். இவற்றைப் பிடித்து நிறுத்துவது பசையன்று, சுண்ணாம்பே. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது மெல்லிய கல்லாக, மாறிவிடுகிறது.

இப்போது நீங்களே சொல்லுங்கள். ஆசிட் பட்டால் அந்தக் கல் நுரைத்துக் கரையும். நீல அல்ட்ரமரீனும் அமிலத்தில் சிதைந்து வெளுத்துவிடும். அழுகிய முட்டை நாற்றம்கூட வரும்! எலுமிச்சைச் சாறும் புளியும் அமிலங்களே என்பதை மறவாதீர்கள். சலவைச் சோடா சுண்ணாம்பைக் கரைக்காது. ஆனால் அது பூச்சின் நுண்துளைகளில் புகுந்து, காய்ந்ததும் படிகமாகி, வண்ணத்தை உள்ளிருந்தே பெயர்த்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் கரைத்துவிட்டுத் தானும் ஆவியாகிவிடும் ஆல்கஹால் போன்ற கரைப்பானே இத்தகைய சுவருக்கு ஏற்றது. அதையும் எடுத்தவுடன் சுவர் முழுவதும் தடவுவதில்லை. ஒரு மூலையில், விரல்நக அளவு இடத்தில், பஞ்சினால் ஒற்றிப் பார்த்துவிட்டுத்தான் மேலே செல்வர்.

உங்கள் வீட்டிலும் கணக்கு இதுவே. வெள்ளையடித்த சுவருக்கு அமிலம் ஆகாது. பசை கலந்த பழைய டிஸ்டெம்பர் வெறும் தண்ணீருக்கே கரையும். உலர்ந்த துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எனாமல் பூசிய கதவு இளஞ்சோப்புத் தண்ணீரைத் தாங்கும். ஆனால் கடுமையான காரம் அதன் எண்ணெயைச் சோப்பாக்கி மினுமினுப்பைத் தின்றுவிடும்.

ஓரிடத்து மருந்து இன்னோரிடத்துக்கு ஆகாது என்பதற்கு அஜந்தாவைப் பாருங்கள். அங்கே மண் பூச்சின்மேல் பசை கலந்த வண்ணம். தண்ணீரே அதற்குப் பகை. 1920-களின் தொடக்கத்தில் ஹைதராபாத் நிஜாம் இத்தாலியிலிருந்து இரண்டு வல்லுநர்களை வரவழைத்தார். பெயரத் தொடங்கிய ஓவியங்களை அவர்கள் ஒட்ட வைத்தது பெரிய உதவிதான். ஆனால் காப்புக்காக மேலே பூசிய அரக்கு வார்னிஷ் நாளடைவில் பழுப்பேறி, ஓவியத்தையே மங்கச் செய்தது. பின்னர் வந்த தொல்லியல் துறை வேதியியலார் அதைக் கரைப்பான்களால் கொஞ்சம் கொஞ்சமாக நீக்க வேண்டியதாயிற்று. சுத்தம் செய்தவரின் கைவேலையையே சுத்தம் செய்வது என்பது எத்தனை சங்கடம்!

சித்தன்னவாசலில் பொறுமைக்குக் கூலி கிடைத்தது. 1942-இல் பரமசிவனும் கே. ஆர். சீனிவாசனும் துப்புரவுப் பணியில் இருந்தபோது, கூரையில் இன்னொரு பழைய ஓவியப் படலம் தென்பட்டது. கம்பளம் விரித்தாற்போன்ற வேலைப்பாடு, தாமரைக் குளத்திற்கும் முந்தையது. அழுத்தித் தேய்த்திருந்தால் இரண்டுமே துணியோடு போயிருக்கும்.