வெட்டு (வினைச்சொல்)

வெட்டு: கூரிய கருவியை ஓங்கிப் போட்டுத் துண்டாக்குதலைக் குறிக்கும் தமிழ் வினை. ஆங்கிலத்தில் 'கட்' என்ற ஒரே வினை பார்க்கும் வேலையைத் தமிழ் பல வினைகளுக்குப் பங்கிட்டிருக்கிறது. காயை நறுக்குகிறோம், கதிரை அறுக்கிறோம், துணியைக் கத்தரிக்கிறோம், பென்சிலைச் சீவுகிறோம். விறகு, கரும்பு, முடி, கிடா ஆகியவை வெட்டின் பங்குக்கு வந்தவை. 'கட்' தமிழுக்குள் நுழைந்தபோதோ கத்தியை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தது. போனைக் கட் பண்ணுவது, கரண்ட் கட், வகுப்பைக் கட் அடிப்பது எதிலும் இரும்பு கிடையாது.

தோண்டுதல் இவ்வினையின் இன்னொரு பொருள். குளமும் கிணறும் வாய்க்காலும் தமிழில் வெட்டப்படுபவை. மலேசியாவில் ஜொகூரின் மேற்குக் கரையிலுள்ள பத்து பாகாட் வட்டாரத்துக்கு இந்தப் பொருள் நன்றாகவே பொருந்தும். அங்கே பாரிட் ராஜா, பாரிட் சூலோங் என்று ஊர்ப்பெயர்களில் வரும் 'பாரிட்' என்பது மலாய் மொழியில் வாய்க்கால். தாழ்ந்த சதுப்பு நிலத்தில் நீர் வடிய வெட்டியது. 15ஆம் நூற்றாண்டில் மலாக்காவைத் தாக்க வந்த சயாமியப் படையினர் குடிநீருக்காக அங்குள்ள மின்யாக் பெக்குவில் பாறையைக் குடைந்து கிணறு வெட்டினார்கள் என்றும், பத்து பாகாட் என்ற ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்தது என்றும் ஒரு கதை உண்டு. பத்து என்றால் கல், பாகாட் என்றால் உளி. 'கல்வெட்டு' என்று பெயர்த்தால் தமிழர் சாசனத்தைத் தேடிப் போய்விடுவார்கள்.

மலேசியத் தமிழில் இவ்வினைக்குக் கிடைத்த பெரிய பொருள் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தது. "மரம் வெட்டப் போறேன்" என்றால் தமிழ்நாட்டில் மரம் விழும். மலாயாத் தோட்டத்தில் பால் வடியும். மலாய்க்காரர் இரண்டையும் வேறு சொற்களால் பிரித்துவிட்டார்கள்: பால் எடுப்பது தோரே, மரத்தைச் சாய்ப்பது தெபாங். தமிழில் இரண்டும் வெட்டுதான்.

பால் வெட்டில் ஓங்குதல் என்பதே கிடையாது. இடமேல் பக்கத்திலிருந்து வலக்கீழ் நோக்கிச் சரியும் கோட்டில், ஏறத்தாழ ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டையைச் சீவி எடுக்க வேண்டும். பால் குழாய்கள் உள்பட்டையில் இருக்கின்றன. அதற்கும் உள்ளே, பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம். கத்தி அதைத் தொட்டால் காயம் முண்டும் முடிச்சுமாக ஆறும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருப்பது விடிகாலையில் என்பதால் இருட்டோடு தொடங்கும் வேலை இது. சில மணி நேரத்தில் பால் உறைந்து நின்றுவிடும். மங்கு எனும் கிண்ணத்தில் சேர்ந்ததை வாளியில் ஊற்றி, தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் சுமந்து வருவார்கள். கோட்டில் காய்ந்து ஒட்டியிருப்பது ஒட்டுப்பால். மழையில் பட்டை நனைந்தால் அன்று வெட்டு இல்லை. மரத்தைக் கொல்லாமல் திரும்பத் திரும்பப் பட்டையைச் சீவும் இம்முறையை 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி செம்மைப்படுத்தினார்.

சம்பளத்தில் பிடிப்பதும் வெட்டுதான். மலாய் 'போத்தோங்' நறுக்குதலையும், சம்பளப் பிடித்தத்தையும், சாலையில் முந்திச் செல்வதையும் சேர்த்தே குறிக்கும். மலேசிய ஆங்கிலத்தின் 'கட்'டும் முந்துவதற்கு வழங்குகிறது.

ஜொகூரில் பல ரப்பர் காடுகள் இன்று செம்பனையாகிவிட்டன. இளமரத்தில் நீண்ட பிடியுள்ள உளியாலும், உயர்ந்த மரத்தில் கம்பில் கட்டிய அரிவாளாலும் குலை வெட்டுகிறார்கள். இங்கே மட்டும் வினை தன் பழைய பொருளுக்கே திரும்பியிருக்கிறது. ஆனாலும் மலேசியத் தமிழுக்கென அகராதி செய்பவர்கள் 'வெட்டு' என்ற பதிவில் பால் வெட்டை முதல் பொருளாக வைப்பதே முறை.