ஒருநாள் கூட்டம், வருஷம் முழுக்க உழைப்பு: அலங்காநல்லூர் போறீங்களா?

மதுரையிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டர். வயல்களுக்கு நடுவே அமைதியான ஒரு பேரூராட்சி. ஆனால், தை 3-ம் தேதி அங்கே கால் வைக்க இடம் இருக்காது. தை 1 அவனியாபுரம், தை 2 பாலமேடு, அடுத்த நாள் அலங்காநல்லூர். இதுதான் மதுரை ஜல்லிக்கட்டின் வரிசை.

கூட்டத்தை ஊரே சேர்ந்துதான் தாங்குகிறது. வாடிவாசல் பக்கம் இருக்கும் வீடுகளில் மொட்டை மாடிதான் கேலரி. வெளியூர்ச் சொந்தங்கள் முதல்நாளே வந்துவிடுவார்கள். டீக்கடை, சாப்பாட்டுக்கடை, கரும்புச்சாறு, தொப்பி வியாபாரம் என எல்லாம் களைகட்டும்.

நமக்கு இது ஒருநாள் வேடிக்கை. மாடு வளர்க்கிறவங்களுக்கு அப்படி இல்லை. பருத்திக்கொட்டை, தவிடு, நீச்சல், மண் குத்தும் பயிற்சி என வருஷம் முழுக்கச் செலவும் உழைப்பும் உண்டு.

வாடிவாசல் மூடியிருந்த நாள்கள்

2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. அடுத்து வந்த பொங்கல்களில் வாடிவாசல் வெறிச்சோடியது. 2017 ஜனவரியில் போராட்டம் வெடித்தது. அவசரச் சட்டம் வந்து, ஜனவரி 22-ல் போட்டி நடத்த ஏற்பாடும் ஆனது. 'நிரந்தரத் தீர்வு வேணும்' என்று ஊர்க்காரர்களே மறுத்துவிட்டார்கள். சட்டத்திருத்தம் நிறைவேறிய பிறகு, பிப்ரவரி 10-ல்தான் காளைகள் இறங்கின. அந்தச் சட்டம் செல்லும் என்று 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

2024 ஜனவரி 24-ல் பக்கத்திலுள்ள கீழக்கரையில், 66 ஏக்கரில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. உட்கார்ந்து பார்க்க வசதியான இடம்தான். ஆனால், ஊருக்குள் இருக்கும் சின்னக் கடைகளுக்கு வாடிக்கையாளர் வருவது, கூட்டம் ஊருக்குள் வந்தால்தானே? பொங்கல் போட்டி இன்னமும் பழைய வாடிவாசலில்தான் நடக்கிறது. முதலில் அவிழ்ப்பது கோயில் காளை. அதை யாரும் பிடிக்க மாட்டார்கள்.

போறவங்க கவனத்துக்கு

* விடியும் முன்பே கிளம்புங்கள். போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள்.
* தடுப்பைத் தாண்டி இறங்காதீங்க. களத்துக்குள் பதிவு செய்த வீரர்களுக்கு மட்டுமே அனுமதி.
* பிடிபடாத காளை தெருவிலும் ஓடிவரும். காளைகள் வெளியேறும் பாதையில் நிற்க வேண்டாம்.
* மொட்டை மாடி ஒருத்தருடைய வீடு. கேட்டுட்டு ஏறுங்க.
* சாப்பாடு, டீ எல்லாம் அந்த ஊர்க் கடையிலேயே ஆகட்டும்.