தொடுதல், தீண்டல், பள்ளிக்கூடம்

விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம், எசாலம், பிரம்மதேசம் மூன்றும் அருகருகே உள்ள ஊர்கள். முதலாம் ராஜேந்திர சோழன் (1014–1044) காலத்தில் எண்ணாயிரத்தில் நடந்த வேதக் கல்லூரியைப் பற்றி அவ்வூர்க் கோயில் கல்வெட்டு பேசுகிறது. இளையோர் 270, மூத்தோர் 70, ஆக 340 மாணவர்கள். அவர்களுக்குச் சாப்பாட்டு நெல், அந்த நெல்லுக்கு நிலம். தமிழர் கல்வியின் பெருமை என்று பாடநூல்கள் இதை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்த நிலத்தில் சேறு மிதித்தவர்களின் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? அருகிலுள்ள ஊரின் பெயரே பிரமதேயத்தைச் சொல்கிறது. யார் யாரைத் தொடலாம் என்கிற ஒழுங்கின் மேல்தான் நம் பள்ளிக்கூடம் எழும்பி நின்றது.

இன்று ஒன்றாம் வகுப்பில் சொல்லித்தரப்படும் ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ பாடத்தை இந்த வரலாற்றை விட்டுவிட்டுப் பேச முடியாது என்பதுதான் என் வாதம்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ‘கோதண்டம்’ என்றொரு தண்டனை இருந்தது. கயிற்றில் பிள்ளையைத் தொங்கவிடுவார்கள். ஆசிரியரின் கைக்கு முன்னால் பிள்ளையின் உடம்பு பிள்ளையுடையதாக இல்லை. பெற்றோரும் எழுதாத பத்திரம் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள்: “கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க சார்.” கல்வி உரிமைச் சட்டம் (2009) 17ஆம் பிரிவில் அடியையும் மன வதையையும் தடைசெய்த பிறகும் அந்தப் பேச்சு ஊரில் ஓய்ந்துவிடவில்லை.

பாலியல் வன்முறை விஷயத்தில் சட்டம் இன்னும் தாமதம். ஆண், பெண் பாகுபாடின்றிப் பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லோரையும் காக்கும் போக்சோ 2012இல்தான் வந்தது. அதற்கு முன்பே, 2006இல் ‘துளிர்’ அமைப்பு சென்னையில் 2,211 பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டபோது 42 விழுக்காட்டினர் ஏதோவொரு வகையில் பாதிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். 2007இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில் அது 53 விழுக்காட்டைத் தாண்டியது. துன்புறுத்தியவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், பிள்ளை நம்பியவர்கள்.

ஆனால் நாம் பாடம் நடத்துவது எப்படி? ‘தெரியாதவங்க கிட்ட போகாதே’ என்று. தெரியாதவர் யார் என்பதை ஊர் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறது: காலனிக்காரன், வேலை தேடி வந்த வடநாட்டுக்காரன், அரவாணி. வீட்டு மாமாவும் டியூஷன் சாரும் இந்தப் பட்டியலில் வருவதேயில்லை. பாதுகாப்புப் பாடம் தீண்டாமைப் பாடமாக மாறும் இடம் இது.

இன்னொன்று. ‘கத்து, ஓடு, சொல்லு’ என்று மூன்று வினைகளைச் சொல்லித் தருகிறோம். காது கேளாமல் பேச்சும் வராத பிள்ளை எப்படிக் கத்தும்? கால் நடக்க முடியாத பிள்ளை எங்கே ஓடும்? சேரியிலிருந்து வரும் பிள்ளை சொன்னால், “உங்க புத்தி அப்படித்தான்” என்று கேட்பவர் திருப்பியடித்தால்? எல்லாப் பிள்ளைகளையும் உள்ளடக்காத பாதுகாப்புப் பாடம் ஏற்கெனவே பாதுகாப்பாக இருக்கும் பிள்ளைக்கான பாடமாகவே முடிகிறது. சைகை மொழியில் ‘வேண்டாம்’ என்பதை வகுப்பு முழுவதும் கற்க வேண்டும். கேட்கும் பிள்ளைக்கும் அது தேவை, அடுத்தவளுக்குச் சாட்சி சொல்ல.

மொழியும் ஒரு தடை. உறுப்புகளுக்குப் பிள்ளைகளிடம் சொல்லில்லை, ‘அந்த இடம்’ என்கிறார்கள். பத்திரிகைகளோ குற்றத்தைச் ‘சில்மிஷம்’ என்று குறும்பாக்கிவிடுகின்றன. பெயரில்லாததைப் பிள்ளை எப்படிப் புகார் செய்யும்?

நூற்றாண்டுகளாகச் சாதி ‘தொடாதே’ என்று ஆணையிட்டது. அதே சொல்லை ஆறு வயதுப் பிள்ளை தன் உடம்பின் பேரில், பெரியவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருக்கிறது. பெரியவங்க பேச்சக் கேக்கணும் என்று காலை வணக்கத்தில் சொல்லிவிட்டு, மூன்றாம் பீரியடில் எதிர்த்துப் பேசு என்றால் பிள்ளை எதை நம்பும்? பிரம்பைக் கீழே வைக்காத வகுப்பறையில் இந்தப் பாடத்தை நடத்த முடியாது. 1098 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வைக்கலாம். வாத்தியார் கன்னத்தைக் கிள்ளும்போது “வேணாம் சார்” என்று பிள்ளை சொன்னால், அவர் கையை எடுக்கிறாரா என்று முதலில் பார்ப்போம்.