இருக்கை இல்லாப் பயணி

மூன்று நாள் விடுமுறைக்கு விமானத்தில் கிளம்பும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை புறப்படும்போது குழந்தைக்கு இரண்டு வயது நிறைய ஒரு நாள் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது நிறைந்துவிட்டது. போகும்போது அம்மாவின் மடி போதும். வரும்போது தனி டிக்கெட், தனி இருக்கை வேண்டும். பெரும்பாலான விமான நிறுவனங்களின் விதி இதுதான். இடைப்பட்ட நாட்களில் குழந்தையின் எடை ஏறிவிடவில்லை, கழுத்தெலும்பு முற்றிவிடவில்லை. கட்டணப் பட்டியலில் அதன் இடம்தான் மாறியது. கைக்குழந்தை மடியில் பறக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் எந்தப் பாதுகாப்பு ஆய்வையும் போய்ச் சேர மாட்டோம், டிக்கெட் கவுன்ட்டரைத்தான் போய்ச் சேர்வோம். அந்த வழக்கம் உருவான காலத்து விமானப் பயணம் வேறு, இன்றையது வேறு. பயணம் அடியோடு மாறிய பிறகும் விதி மட்டும் மாறாமல் நிற்பதை நியாயப்படுத்த முடியாது என்பதே என் வாதம்.

தொடக்க காலத்தில் விமானம் குழந்தைக்கான இடமே இல்லை. 1930களின் பயணி பெரும்பாலும் வியாபாரியோ அதிகாரியோதான். காற்றழுத்தம் சீர்செய்யப்படாத அறை, தாழ்வாகப் பறப்பதால் ஓயாத குலுக்கல், காதடைப்பு, வாந்தி. 1930 மே மாதம் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனம் எலன் சர்ச் என்ற செவிலியரை உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாக ஏற்றியபோது, அவரோடு சேர்த்துக்கொள்ளப்பட்ட மற்ற ஏழு பேரும் பயிற்சி பெற்ற செவிலியர்களே. பறக்கப் பயப்படும் பொதுமக்களுக்குத் தைரியம் சொல்வதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். போர்க்களத்துக்குச் செவிலியர்கள் தேவைப்பட்ட இரண்டாம் உலகப் போர்க் காலம்வரை அமெரிக்காவில் இந்த நிபந்தனை பெரும்பாலும் நீடித்தது. குழந்தையோடு ஏறத் துணிந்த சில தாய்மார்களுக்கு அப்போது ஒரு செவிலியரின் துணை கிடைத்தது. 1936இல் சேவைக்கு வந்த டி.சி.-3 விமானத்தில் மொத்தமே 21 பயணிகள்; ஒரு குழந்தை அழுதால் போய்த் தூக்கிக்கொள்ள ஆளும் நேரமும் இருந்தன.

போருக்குப் பிறகு நிலைமை மாறியது. பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமானங்களில் ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வேலையின் பொருட்டுப் போன குடும்பங்கள் குழந்தைகளோடு ஏறின. அக்காலத்துப் புகைப்படங்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம்: தலைக்கு மேலே தொப்பியும் கோட்டும் வைக்கும் தட்டிலிருந்து ஒரு சிறு தொட்டில் தொங்குகிறது, நம் வீட்டு உத்தரத்தில் கட்டிய தூளி போல. அதற்குள் குழந்தை படுத்திருக்கிறது, கீழே இருக்கையில் அம்மா. பல ஊர்களில் இறங்கி ஏறி, நாள்கணக்கில் நீளும் பயணத்துக்கு அது தேவைப்பட்டது. அதே காலத்தில்தான் கட்டண விதியும் உறுதியானது. 1945இல் ஹவானாவில் உருவான ஐயாட்டா சங்கத்தின் மாநாடுகளில் விமான நிறுவனங்கள் கூடிச் சர்வதேசக் கட்டணங்களைப் பேசி முடித்தன. இரண்டு வயதுக்குக் குறைந்த, தனி இருக்கை கேட்காத குழந்தைக்குப் பெரியவரின் கட்டணத்தில் 10 சதவீதம் என்ற வழக்கம் அந்த ஏற்பாட்டில் வேரூன்றியது. அமெரிக்க உள்நாட்டுப் பயணத்தில் அதுவும் இல்லை, இலவசம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாளில் விமானங்கள் நிரம்பிப் பறப்பது அபூர்வம். மூன்றில் ஒரு பங்கு இருக்கை காலியாக இருப்பது சாதாரணம். மடிக் குழந்தை என்று டிக்கெட்டில் எழுதியிருந்தாலும், பறக்கும்போது பக்கத்து இருக்கையில் குழந்தையைக் கிடத்திக்கொள்ள முடிந்தது. எல்லா நேரமும் மடியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அப்போது ஏட்டளவில்தான் இருந்தது.

1978 அக்டோபரில் அமெரிக்கா விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியது. போட்டி வந்தது, கட்டணம் இறங்கியது, நடுத்தரக் குடும்பம் விமானம் ஏறியது. இந்தியாவில் அதே கதை கால் நூற்றாண்டு தாமதமாக, 2003இல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கானோடு தொடங்கியது. கைக்குழந்தையோடு இரண்டு மூன்று நாள் உல்லாசமாக ஓர் ஊருக்குப் பறந்து போய்த் திரும்புவது இந்த மலிவுக் கட்டணத்தின் பிள்ளை. அதற்கு முன் அப்படியொரு பயணத்தை வசதி படைத்தவர்கள் மட்டுமே நினைத்துப் பார்த்திருப்பார்கள். ஆனால் மலிவுக் கட்டணம் எப்படிச் சாத்தியமானது? காலி இருக்கைகளை ஒழித்துத்தான். இன்று அமெரிக்க விமானங்கள் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பிப் பறக்கின்றன. விடுமுறை நாட்களில் ஓர் இருக்கைகூட மிஞ்சுவதில்லை. ஏட்டளவில் இருந்த மடி நிஜமாகவே குழந்தையின் ஒரே இடமாகிவிட்டது. கூடவே கட்டண நெருக்கடியும் கூடியது. பெற்றோரும் குழந்தையுமாக மூவர் போகும் பயணத்தில் குழந்தைக்கு இருக்கை எடுத்தால் இரண்டு டிக்கெட் மூன்றாகிறது. செலவு பாதிக்குப் பாதி ஏறுகிறது. மூன்று நாள் பயணத்துக்கு அது பெரிய தொகை. பெற்றோர் மடியைத் தேர்ந்தெடுப்பதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தேர்வைச் செய்யவைக்கும் விலை அமைப்பைத்தான் கேள்வி கேட்கிறேன்.

பெரியவர்களின் இருக்கை இதற்கிடையில் எவ்வளவு முன்னேறியது என்று பாருங்கள். 1988இல் அமெரிக்க அரசு புதிய விமான வடிவங்களின் இருக்கைகளுக்கு ஒரு கடுமையான சோதனையை விதித்தது: முன்னோக்கி ஈர்ப்பு விசையைப் போல் 16 மடங்கு உலுக்கலில் இருக்கை பிடுங்கிக்கொள்ளக் கூடாது, அதில் கட்டப்பட்டவர் பிழைக்கும் நிலையில் இருக்க வேண்டும். அதே உலுக்கலில் 10 கிலோ எடையுள்ள குழந்தையைக் கைகளால் பிடித்து நிறுத்த 160 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அது இல்லை. பாசத்தால் ஈடுகட்டக்கூடிய குறையும் அன்று. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஆக்சிஜன் விதி. உயரத்தில் பறக்கும் விமானத்தில் இருக்கைகளின் எண்ணிக்கையைவிடக் குறைந்தது 10 சதவீதம் அதிகமாக முகமூடிகள் இருக்க வேண்டும், அவை பரவலாக அமைய வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். நடைபாதையில் நிற்கும் பணிப்பெண்ணுக்கும் மடியிலிருக்கும் குழந்தைக்கும் உதவுபவை அந்த உபரி முகமூடிகள்தான். ஆக, மூச்சுக்கு வழி செய்தபோது குழந்தையையும் ஓர் ஆளாக எண்ணினார்கள். கட்டி வைக்கும் பெல்ட் என்று வரும்போது விட்டுவிட்டார்கள்.

அடுத்த ஆண்டே இதன் விலை தெரிந்தது. 1989 ஜூலை 19 அன்று டென்வரிலிருந்து சிகாகோ போன யுனைடெட் 232 விமானத்தின் வால் பகுதி எஞ்சின் வெடித்து, திசைதிருப்பும் கருவிகளுக்கான ஹைட்ராலிக் அமைப்புகள் மூன்றுமே செயலிழந்தன. மற்ற இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் முக்கால் மணி நேரம் அந்த டி.சி.-10 விமானத்தை ஓட்டி, அயோவா மாநிலத்தின் சூ சிட்டி ஓடுபாதைவரை விமானிகள் கொண்டுவந்தார்கள். இருந்த 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். குழந்தைகளுக்கான சிறப்புச் சலுகைக் கட்டணம் அன்று நடப்பில் இருந்ததால் விமானத்தில் 52 குழந்தைகள். அவர்களில் நால்வர் மடிக் குழந்தைகள். தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன் கையேட்டில் இருந்த ஒரே வழிமுறையைச் சொன்னார்: மடிக் குழந்தைகளைத் தரையில் கிடத்துங்கள், போர்வையும் தலையணையும் அணைகொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தரையில் மோதிய விசையில் ஒரு குழந்தை தூக்கி எறியப்பட்டு, மேலே சாமான் வைக்கும் பெட்டிக்குள் போய் விழுந்தது. புகைக்குள் அழுகுரல் கேட்டுத் திரும்பி வந்த ஒரு பயணி அதை மீட்டார். இன்னொரு குழந்தை பிழைக்கவில்லை. அதன் தாய் மீண்டும் உள்ளே போக முயன்றபோது தடுத்து நிறுத்தியவரும் ஜேன் பிரவுன்தான். ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கை வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்கள் முன் சாட்சி சொல்லிப் பல்லாண்டு போராடினார் அவர். 1990இல் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதையே பரிந்துரைத்தது. 1997இல் துணை ஜனாதிபதி அல் கோர் தலைமையிலான குழுவும் இதையே சொன்னது.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் மறுத்துவிட்டது. அதன் வாதம் லேசாக ஒதுக்கக்கூடியது அன்று. குழந்தைக்கு டிக்கெட் கட்டாயமானால் சில குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரில் போகும். சாலையில் விபத்து பல மடங்கு அதிகம். விமானத்தில் காப்பாற்றும் உயிர்களைவிடச் சாலையில் இழக்கும் உயிர்கள் கூடிவிடும். 2003இல் வெளியான குழந்தை மருத்துவ ஆய்வு ஒன்று இதற்குக் கணக்கும் கொடுத்தது: தனி இருக்கையைக் கட்டாயமாக்கினால் அமெரிக்காவில் ஆண்டுக்கு சுமார் 0.4 உயிர் மிஞ்சும். 5 முதல் 10 சதவீதக் குடும்பங்கள் காருக்கு மாறினாலே அந்த லாபம் போய்விடும். 2005இல் நிர்வாகம் கட்டாயத் திட்டத்தைக் கைவிட்டது. கணக்கில் பிழை இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கின் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: இருக்கையின் முழு விலையையும் பெற்றோரே கொடுப்பார்கள் என்பது. குடும்பங்களைச் சாலைக்குத் தள்ளுவது அந்த விலைதான், பாதுகாப்பு விதி அன்று. அரைக் கட்டணமோ கால் கட்டணமோ வைத்து, மீதியை எல்லா டிக்கெட்டுகளிலும் பகிர்ந்தால் அப்படித் தள்ளும் நிலையே இருக்காது. 1990களின் பிற்பகுதியில் சில அமெரிக்க நிறுவனங்கள் குழந்தை இருக்கைக்குப் பாதிக் கட்டணம் வாங்கியும் பார்த்தன. செய்யவே முடியாத காரியம் இல்லை இது. மேலும், இது அமெரிக்க நெடுஞ்சாலையை வைத்துப் போட்ட கணக்கு. விமானத்தை விட்டால் கார் என்பது அவர்கள் நிலை. சென்னையிலிருந்து கோவாவுக்கோ கொச்சிக்கோ கிளம்பும் குடும்பத்துக்கு விமானம் இல்லையென்றால் ரயில் இருக்கிறது. அவர்கள் முடிவை நம் ஊருக்கு அப்படியே தூக்கிவர முடியாது.

தாயின் அணைப்பைவிட எது பத்திரம் என்ற கேள்வியும் எழும். இந்தக் கேள்வியைச் சாலை எப்போதோ கேட்டு, பதிலும் கண்டுவிட்டது. காரில் குழந்தை இருக்கையை முதன்முதலில் கட்டாயமாக்கிய அமெரிக்க மாநிலம் டென்னசி. சட்டம் 1978இல் அமலுக்கு வந்தது. அதற்காகப் பாடுபட்டவர் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர். ஆனால் சட்டமன்றம் ஒரு விலக்கைச் சேர்த்தது: பெரியவர் கையில் ஏந்தியிருந்தால் இருக்கை தேவையில்லை. மோதலில் அந்தப் பெரியவரின் உடலே குழந்தையை நசுக்கிவிடும் என்று சாண்டர்ஸ் தரப்பு எடுத்துச் சொல்லி, 1981இல் அந்த விலக்கை நீக்கவைத்தது. 1985க்குள் எல்லா அமெரிக்க மாநிலங்களிலும் குழந்தை இருக்கைச் சட்டம் வந்துவிட்டது. சாலையில் நீக்கப்பட்ட அதே விலக்குதான் விமானத்தில் இன்னும் விதியாக வாழ்கிறது.

விமானத்தில் இடைவழி ஒன்றும் உண்டு. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் கைக்குழந்தையோடு ஏறும் தாய்க்குப் பணிப்பெண் ஒரு குட்டி பெல்ட் கொண்டுவந்து தருவார். அதன் ஒரு முனையிலுள்ள வளையத்துக்குள் தாயின் பெல்ட்டை நுழைத்து, மறுபக்கத்தைக் குழந்தையின் இடுப்பில் பூட்ட வேண்டும். ஐரோப்பிய விதிப்படி மடிக் குழந்தைக்கு இது கட்டாயம். அமெரிக்காவில் புறப்படும்போதும் இறங்கும்போதும் இதற்குத் தடை. சோதனைகளில் பெரியவரின் உடல் முன்னால் மடிந்து குழந்தையை அழுத்துவதும், பெல்ட்டின் முழு விசையும் குழந்தையின் மெல்லிய வயிற்றில் இறங்குவதும் தெரிந்தன என்பது அமெரிக்கத் தரப்பு. குழந்தை எகிறிப் பறப்பதையாவது இது தடுக்கும் என்பது ஐரோப்பியத் தரப்பு. காற்றுக் கொந்தளிப்பில் பெல்ட் இருப்பது இல்லாததைவிட மேல் என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் இரு தரப்பும் மறைமுகமாக ஒப்புக்கொள்ளும் உண்மை ஒன்றுதான்: மடியைப் பாதுகாப்பாக்க இதுவரை யாராலும் முடியவில்லை.

இவ்வளவு அரிதான ஆபத்துக்கு இத்தனை பேச்சா என்று கேட்கலாம். அரிது என்பது உண்மை. விமானம் ஏறப் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. அதே அரிதான ஆபத்துக்காகத்தான் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் 16 மடங்கு உலுக்கலைத் தாங்கும் இருக்கை செய்யப்பட்டது, தேநீர்க் கெண்டிவரை பூட்டி வைக்கப்படுகிறது. 2024 ஜனவரி 5 அன்று போர்ட்லண்டிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தின் பக்கச் சுவரில் அடைப்புக் கதவு ஒன்று சுமார் 16,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. அந்த விமானத்தில் மூன்று குழந்தைகள் மடியில் இருந்தன. ஓட்டையை ஒட்டிய இருக்கை அன்று தற்செயலாகக் காலி. பாதுகாப்பு வாரியத் தலைவர் ஜெனிஃபர் ஹோமெண்டி அதன்பின் பெற்றோரிடம் வைத்த வேண்டுகோள், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கும் தனி இருக்கை எடுங்கள் என்பது. வேண்டுகோள் பெற்றோருக்குப் போயிருக்கிறது. இருக்கைக்கு விலை வைக்கும் நிறுவனங்களுக்குக் கட்டளையாக இன்னும் எதுவும் போகவில்லை.